சொந்தக்காரர் இல்லாத மலை

குமுதா மலை தேடத் தொடங்கியது நவம்பர் மாதத்தில். லண்டனில் மோர்டன் கடைத்தெருவில் இருந்த ஒரு பயண முகவர் கடையில் சும்மா அள்ளிக் கொடுக்கும் தடித்த புத்தகங்களில் மூன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் போட்டாள். எல்லாம் பனிச்சறுக்கு விடுமுறைப் புத்தகங்கள். மற்றவர்கள் இவற்றில் எதைப் பார்ப்பார்களோ தெரியாது. பனி எவ்வளவு விழும், புதிதாய்ப் பழகுகிறவர்களுக்குச் சரிவு தோதாக இருக்குமா என்று பார்ப்பார்களாக்கும். குமுதா பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். அந்த நாட்டில் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா?

கலியாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் ஒன்பது விடுமுறை போயிருக்கிறாள். ஒன்பதும் சொந்தக்காரர் வீடுதான். பாரிசில் சின்ன மாமா வீட்டு வரவேற்பறையில் நிலத்தில் படுத்தாள். ஒஸ்லோவில் ஒன்றுவிட்ட தங்கையின் பிள்ளைகளோடு இரண்டடுக்குக் கட்டிலில் படுத்தாள். பேர்ணில் புருஷனின் அண்ணன் தேவராசா வீட்டுக்கு மட்டும் நான்கு தடவை. போன இடமெல்லாம் வெங்காயம் உரித்தாள். விருந்தாளிதானே என்று கதிரையில் இருந்துவிட முடியுமா? இருந்தால் 'லண்டன்காரி, கை அழுக்காகாது' என்று பேர் வரும். ஈபிள் கோபுரத்தை ஓடும் காரின் கண்ணாடிக்குள்ளால் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னொரு வீட்டில் சொல்லியிருந்ததால் நிறுத்த நேரமில்லை.

சொந்தம் இருக்கிற நாட்டில் ஹொட்டலில் தங்கக் கூடாது. இது எங்கும் எழுதப்படாத சட்டம், ஆனால் தண்டனை உண்டு. ஹவுன்ஸ்லோ மகாலிங்கம் ஒருமுறை குடும்பத்தோடு பாரிசுக்குப் போய் மூன்று நாள் ஹொட்டலில் தங்கியது தெரியவந்து, அங்கே இருந்த மச்சான்காரன் மகாலிங்கத்தின் மகள் பெரியவளானதற்குச் செய்த சாமத்திய வீட்டுக்கே வரவில்லை. ஐந்து வருடமாகியும் பேச்சுவார்த்தை இல்லை.

பத்து வயது மகள் ஆரணிக்குப் பனியில் சறுக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் போய் வந்துவிட்டார்கள் என்று தினமும் நச்சரித்தாள். குமுதாவுக்குச் சறுக்கவும் வேண்டாம், விழவும் வேண்டாம். பகல் முழுக்க மருந்துக்கடையில் நின்று, வீட்டுக்கு வந்து அடுப்படியில் நிற்கிறவள் அவள். ஒரு கிழமை, ஏழே ஏழு நாள், யாரோ சமைத்ததைக் கதிரையில் இருந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்ட கோப்பையை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போக வேண்டும். அதனால்தான் பேனாவும் கையுமாக உட்கார்ந்தாள்.

பிரான்ஸ் பக்கங்களைக் குறுக்கே கீறினாள். சுவிஸ் பக்கங்களை இரண்டு தரம் கீறினாள். ஒஸ்ற்றியாவில் ஒருவரும் இல்லை என்று அரை மணித்தியாலம் சந்தோசமாக இருந்தாள். பிறகு புருஷனின் மாமி மகன் நவரத்தினம் போன வருடம் வியன்னாவுக்கு வீடு மாறியது ஞாபகம் வந்தது. இத்தாலியில் பலெர்மோவில் சொந்தக்காரி குணசுந்தரி இருக்கிறாள். பலெர்மோவுக்கும் மலைக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது, ஆனால் குணசுந்தரி தூரம் பார்க்கிற ஆள் இல்லை. கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அந்தோரா என்று ஒரு நாடு அகப்பட்டது.

"அது எங்கை கிடக்கு?" என்றான் புருஷன் புவனேசன். ஹீத்ரோ விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறவனுக்கே தெரியாத நாடு என்பதில் குமுதாவுக்கு ஒரு திருப்தி.

"பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலை. முழுக்க மலைதான்."

"எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப அங்கை என்னத்துக்குப் போறது?"

பாவம், அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. குமுதா இருத்தி வைத்து விளக்கினாள். விளக்கத்தின் பாதியில் அழுதும் விட்டாள். புவனேசன் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் ஓம் என்றான். பெப்ரவரி பள்ளி விடுமுறைக்கு இரண்டு பெரியவர், ஒரு பிள்ளை. காலையும் இரவும் சாப்பாடு ஹொட்டலில். சனிக்கிழமை வரைக்கும் அறையைப் பிடித்து வைத்திருப்பதாகப் பயண முகவர் கடைப் பெண் சொன்னாள்.

"ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது," என்றாள் குமுதா. "உங்கடை அண்ணைக்கும்தான்."

"நான் ஏன் சொல்லுறன்?" என்றான் புவனேசன்.

வேண்டுமென்று அவன் சொல்லிவிடவில்லை. பனி உடுப்புத்தான் அவனை மாட்டிவிட்டது. ஒரு கிழமை போடுவதற்கு மூன்று பேருக்குத் தடித்த சட்டையும் காற்சட்டையும் கையுறையும் வாங்குவதாவது, சுவிசில் இருக்கிற அண்ணன் வீட்டில் அடுக்கடுக்காய்க் கிடக்குமே என்று அவன் மண்டை வேலை செய்தது. யாருக்கு ஒளிக்க வேண்டுமோ, நேரே அந்த மனிதருக்கே போன் எடுத்து இரவல் கேட்டான்.

வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்து முகத்தைப் பார்க்காமல் சப்பாத்தைக் கழற்றினான்.

"அண்ணையிட்டைப் பனி உடுப்பு இரவல் கேட்டனான். ஏன் எதுக்கு எண்டு கேட்டவர். பொய் சொல்ல ஏலாமப் போச்சு."

"என்ன சொன்னவர்?"

"சுவிசிலை நான் இருக்க, பனி பாக்க வேறை நாட்டுக்குப் போறியோ எண்டு கேட்டார். தனக்கு லீவும் கேட்டிட்டாராம். ஒரு கிடாய்க்கும் சொல்லி வைச்சிட்டாராம்."

குமுதாவுக்கு ஆத்திரம் வந்தது. கிடாய் என்றால் முழுக் கிடாய். அதை வெட்டவும் கழுவவும் வறுக்கவும் யார்? தேவராசாவா? புவனேசன் இரவு வேலைக்குப் போனதும், ஷோபாக்காவிடம் நேரே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். ஷோபா தேவராசாவின் பெண்சாதி. சண்டை வந்தாலும் வரட்டும், மகாலிங்கம் வீட்டு நிலைமை வந்தாலும் வரட்டும். வெளிநாட்டுக்குப் பேச வாங்கி முக்கால்வாசி முடிந்த தொலைபேசி அட்டையை எடுத்து, நீட்டு எண்ணை அழுத்தினாள்.

"அக்கா, இந்த முறை நாங்கள் அங்கை வரேல்லை. கோவிக்காதேங்கோ."

மறுமுனையில் தண்ணீர்க் குழாயைப் பூட்டுகிற ஓசை கேட்டது.

"உம்மடை ஆள் பக்கத்திலை நிக்கிறாரோ?" என்றாள் ஷோபா.

"இல்லை, ஷிப்ட்."

"இவரும் இல்லை. குமுதா, நீர் போற இடத்திலை சாப்பாடு அவையளே குடுப்பினமோ?"

"ஓம், காலமையும் இரவும்."

"கோப்பை கழுவ வேணுமோ?"

"இல்லையக்கா. அப்பிடியே விட்டிட்டு எழும்பலாம்."

ஷோபா கதிரை ஒன்றை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"இஞ்சை வந்து பதினேழு வருசம். குசினி யன்னலாலை பாத்தா மலை தெரியும். வெயில் எறிக்கிற நாளிலை வடிவாத் தெரியும். நான் ஒருக்காலும் போனதில்லை. லீவு விட்டா ஆரோ ஒராள் வந்திடும். வந்த ஆக்களை இவர் மலைக்குக் கூட்டிக்கொண்டு போவார், நான் நிண்டு சமைப்பன்." பிறகு அவசரமாக, "உம்மைச் சொல்லேல்லை," என்றாள்.

குமுதாவைத்தான் சொன்னாள். வேறு யாரை? நான்கு தடவையும் குமுதா விடிய எழும்பி முணுமுணுத்துக்கொண்டு அந்தக் குசினிக்குள் போகையில், ஷோபா அங்கே ஏற்கனவே நின்றிருந்தாள். பின்னேரம் இரண்டு மணித்தியாலம் குமுதா புருஷன் பிள்ளையோடு கேபிள் காரில் ஏறி மலைக்குப் போய் வந்தாள். திரும்பி வந்தபோதும் ஷோபா அதே இடத்தில் நின்றாள். தான் உரித்த வெங்காயம் முழுக்க ஞாபகத்தில் இருந்தது, ஷோபா சமைத்த பானை ஒன்றுகூட இருக்கவில்லை. குமுதாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"உம்மடை அந்த இடத்திலை," என்று தொடங்கினாள் ஷோபா, "இன்னும் ஒராளுக்கு..."

ஒரு நிமிடம் மீதமிருக்கிறது என்று அட்டைக்காரப் பெண்ணின் குரல் ஆங்கிலத்தில் குறுக்கே வந்தது. அந்தச் சத்தத்தில் ஷோபாவுக்குத் தைரியம் போய்விட்டது. "ஒண்டுமில்லை, விடும்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

குமுதா கைப்பையைக் கொட்டி இன்னொரு அட்டையைத் தேடி எடுத்துச் சுரண்டினாள். சுரண்டிய நகத்தோடேயே எண்களை அழுத்தினாள்.

"அக்கா, வாங்கோ. ஆனா அந்தோரா வேண்டாம். உங்கடை யன்னலாலை தெரியிற மலைக்கே போவம்."

ஷோபா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இவருக்கு நான் சொல்லமாட்டன்," என்றாள் கடைசியில். "உம்மடை ஆள் சொல்லட்டும்."

சனிக்கிழமை குமுதா புத்தகத்தோடு கடைக்குப் போனாள். தானே இரண்டு தரம் குறுக்கே கீறிய சுவிஸ் பக்கத்தை விரித்து, ஷோபாவின் யன்னலில் தெரியும் மலையடியில் இருந்த கிரிண்டல்வால்ட் என்ற ஊரில் விரலை வைத்தாள். கடைக்காரப் பெண் கீறல்களைப் பார்த்துவிட்டு, எத்தனை பேர் என்று கேட்டாள்.

"முந்திச் சொன்னதுதான். ரெண்டு பெரியாக்கள், ஒரு பிள்ளை," என்று குமுதா ஆங்கிலத்தில் சொன்னாள். "ஒரு பேர் மட்டும் மாத்த வேணும்."

புவனேசனுக்குச் சோறு போட்டுக்கொடுத்துவிட்டு விசயத்தைச் சொன்னாள். அவன் பிசைந்த கையோடு இருந்தான்.

"அப்ப நான்?"

"நீங்கள் உங்கடை அண்ணையிட்டைப் போறியள். அவர் லீவும் எடுத்து, கிடாயும் சொல்லி வைச்சிட்டு இருக்கிறார். போகாட்டி மரியாதையில்லை."

"சமையல்?"

"ரெண்டு பேர் இருக்கிறியள்தானே."

அவன் சாப்பிட்டு முடித்து, என்ன நினைத்தானோ, தன் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டு, கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். அது சரியாகப் பூட்டுப்படாத கதவு. குமுதா கதிரையில் சாய்ந்திருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணை," என்றான் புவனேசன் மெதுவாக, "உங்களுக்குச் சோறு வடிக்கத் தெரியுமோ?"