நாக்கின் அடியில்

விடியற்காலை ஐந்தரை. இரும்புக் கம்பி மில்லில் இரவு ஷிஃப்ட்டின் பதினோராவது மணி நேரம். உருளைகளுக்கு நடுவிலிருந்து கம்பி சிவப்பாக வந்தது. எபினேசர் அதன் தலையை இடுக்கியால் பிடித்தான், உடம்பைத் திருப்பினான், அடுத்த உருளைக்குள் கொடுத்தான். மூன்று விநாடி. மறுபடியும் கம்பி. சட்டை நனைந்து, காய்ந்து, உப்புப் பூத்திருந்தது.

எதிர்ப்பக்கம் சாம்சன். கம்பியை உருளைக்குள் நேராகச் செலுத்தும் இரும்புத் தாடைக்குக் கைடு என்று பெயர். அதில் விரிசல் விழுந்து ஒன்பது நாள். சூப்பர்வைசரிடம் மூன்று முறை சொல்லியிருந்தார்கள்.

கம்பி கைடை விட்டு எகிறியது. காற்றில் ஒரு வளையம் போட்டது. சாம்சனின் தொடையைச் சுற்றிக்கொண்டது.

கம்பியை வெட்டித்தான் அவனை எடுக்க முடிந்தது. ஆம்புலன்ஸ் சென்னைக்குப் போனது. ஆறேகாலுக்கு மில் மறுபடி ஓடியது. அதே கைடு.

சாம்சன் மாத்திரையைத் தொட்டவனில்லை. எபினேசர் தொட்டவன். நான்கு வருடத்துக்கு முன்பு டபுள் ஷிஃப்ட்டில் தோள் வலித்தபோது சூப்பர்வைசரே டீயோடு வலி மாத்திரையை நீட்டினான். "போட்டுக்கோ நைனா. ரெண்டு ஆளு வேல செய்வே." செய்தான். பிறகு அது இல்லாமல் ஒரு ஆள் வேலையும் செய்ய முடியவில்லை.

எட்டு மாதமாகச் சிகிச்சை. கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் ஓர் அறை, காலை ஏழிலிருந்து ஒன்பது வரை. நர்ஸ் வேறொரு மாத்திரையைப் பொடித்து நாக்கின் அடியில் வைப்பார். விழுங்கக் கூடாது. பேசக் கூடாது. எட்டு நிமிடம் பெஞ்சில் உட்கார வேண்டும். பிறகு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

அதற்குப் பிறகு ஆலோசகர் ஹெலன். மருந்து உடம்பைப் பிடித்து நிறுத்தும். மற்றதெல்லாம் அவள் வேலை: தூக்கம், பெண்டாட்டியின் பேச்சு, கடைக்காரன் மறுபடி நீட்டும் வலி மாத்திரை அட்டை. "எப்ப மேடம் இத நிறுத்துவாங்க?" என்று கேட்டால், "சக்கர மாத்திரய எப்ப நிறுத்துவேன்னு யாராச்சும் கேக்கறாங்களா?" என்பாள்.

அவளுக்கு ஒரு விதி இருந்தது. அறைக்கு வெளியே அவளுக்கு அவர்களைத் தெரியாது. மீஞ்சூர் ரயிலில் எதிரே உட்கார்ந்தாலும் ஜன்னலைத்தான் பார்ப்பாள்.

அந்த விதியை அவளே ஒருமுறை மீறியிருந்தாள். விபத்துக்கு முந்தைய வாரம், ஓவர்டைம் என்று சொல்லி ஒன்பதரை வரை ஆட்களை நிறுத்தினார்கள். எபினேசருக்கு மூன்று நாள் மருந்து தவறியது. அவன் கேட்டதால் மில்லுக்குக் கடிதம் எழுதினாள். 'தினமும் மருந்து எடுக்க வேண்டியவர். ஏழு மணிக்கு விடுவிக்கவும்.' நோயின் பெயர் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டாள். பழக்கத்தில் சீலும் குத்தினாள்.

சீலில் இருந்தது: போதை மீட்பு மையம்.

விபத்துக்கு மறுநாள் மில் மேனேஜர் வரதன் அறைக்கு வந்தார்.

"ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு பதில் சொல்லணும் மேடம். போதையில வேல செய்றவங்க லிஸ்ட் குடுங்க."

"போதையில யாரும் வேல செய்யல. மருந்துல செய்றாங்க."

"ரெண்டும் மாத்திர தானே?"

"மொத மாத்திரய யாரு குடுத்தாங்கன்னு உங்க சூப்பர்வைசர கேளுங்க."

வரதன் சிரித்தார். "பேரு வெளிய சொல்ல மாட்டீங்க. எபினேசர் பேர மட்டும் சீல் குத்தி அனுப்புவீங்க."

ஹெலன் மேஜையிலிருந்த சீலை எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள்.

"இந்த ரூம் எங்க கம்பெனி குடுத்தது. மாசக் கடைசில சாவி வேணும். லிஸ்ட் வந்தா, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

மறுநாள் காலை அறைக்கு எதிரே மில் செக்யூரிட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் போன். மில்லிலிருந்து வந்த ஐந்து பேரும் தூரத்திலேயே பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர்கள் எந்தக் கடைக்குப் போவார்கள் என்று ஹெலனுக்குத் தெரியும்.

அன்று மாலை, இரவு ஷிஃப்ட்டுக்கு முன், மில் வாசல் டீக்கடைக்குப் போனாள். எபினேசர் மூக்கைத் துடைத்தபடி நின்றிருந்தான். அந்த வெயிலிலும் அவன் கையில் மயிர் குத்திட்டு நின்றது. பக்கத்தில் பாக்கியநாதன். மில்லில் மூத்தவன், சங்கத்துக்காரன். மாத்திரைக்காரன் என்றாலே துப்புவான்.

"இன்னா மேடம், உன் பால்வாடிக்கு ஆள் சேக்க வந்தியா?" என்றான் பாக்கியநாதன். "சாம்சனுக்கு கால முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க. மாத்திர கோஷ்டியாலதான்னு மேனேஜரு உள்ள நோட்டீஸ் ஒட்டிக்கீறான்."

ஹெலன் டீ பாய்லரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு இங்க யாரையும் தெரியாது. அஞ்சு பேர் ரெண்டு நாளா மருந்துக்கு வரல. நான் குத்துன சீல்தான் காரணம். அத சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் எபினேசர் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"நான்தாண்ணே," என்றான். "அஞ்சுல ஒருத்தன் நான். கைடுதான் உட்டுச்சி. நீ பாத்துக்கினுதானே இருந்தே?"

பாக்கியநாதன் அவன் கையைப் பார்த்தான். குத்திட்டு நின்ற மயிரையும், குடிக்காமல் ஆறிப்போன டீயையும் பார்த்தான்.

"அந்த சூப்பர்வைசரு எனக்கும்தான் குடுத்தான்," என்றான் கடைசியில். "மொத நாளே வாந்தி. ரெண்டு நாளு எழுந்துக்கல. அதான் தொடல." கிளாஸைக் கீழே வைத்தான். "இத்தினி நாளா நான் யோக்கியன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எனக்கு அது வயித்துக்கு சேரல. அவ்ளோதான்."

ஹெலனிடம் திரும்பினான்.

"எட்டு நிமிஷம் வாய மூடிக்கினு ஒக்காரணுமா மேடம்?"

"ஆமா."

"மருந்து இல்லாதவன் ஒக்காந்தா தப்பா?"

ஹெலன் அப்போதுதான் திரும்பினாள். "பெஞ்சு எல்லாருக்கும் போட்டதுதான்."

மறுநாள் ஏழு மணிக்குச் சங்கு ஊதியதும் இடுக்கிகள் கீழே விழுந்தன. பகல் ஆட்கள் ஒன்பதரைக்குத்தான் வருவார்கள்; அதுவரை ஓவர்டைமுக்கு ஆளில்லை. இருபத்தொரு பேர் சிப்காட் சாலையில் நடந்தார்கள். செக்யூரிட்டி முதலில் ஒவ்வொரு முகமாகப் படம் எடுத்தான். பிறகு போனைத் தாழ்த்தினான். பிறகு மில்லுக்குப் பேசினான்.

ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் நர்ஸிடம் போனார்கள். ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டு வந்தார்கள். பெஞ்சில் ஆறு பேர். மற்றவர்கள் தரையில், படியில், சாக்கடை ஓரத்தில். எபினேசரின் நாக்கின் அடியில் கசப்புப் பரவியது. அறைச் சாவி ஆணியில் தொங்கியது. மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள்.

வரதனின் கார் வந்து நின்றது.

"ஏழு மணிக்கே உங்கள எவன்டா உட்டான்? ஃபர்னஸ் சும்மா எரியுது."

வரதன் காரை விட்டு இறங்கினார்.

"இதுல எவன் எவன் மாத்திரக்காரன்?"

ஐந்து பேரால் பேச முடியாது. பதினாறு பேர் பேசவில்லை.

அவர் படியில் இருந்தவன் முகத்தைப் பார்த்தார். அடுத்தவன் முகத்தைப் பார்த்தார். எல்லா முகத்திலும் அதே கரி, அதே உப்பு. அவர் கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஹெலன் கதவருகில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எட்டு நிமிஷம் ஆச்சு," என்றாள்.

பாக்கியநாதன் எழுந்தான். வரதனுக்கு நேரே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான். பின்னால் இருபது பேரும் காட்டினார்கள். எல்லா வாயும் ஒன்றுபோல் காலி.

"இப்ப பேசலாம் சார்," என்றான். "கைடுலேர்ந்து ஆரம்பிக்கலாமா?"