எட்டாவது போல்ட்

சவக்கிடங்கிலிருந்து அண்ணனின் உடல் வந்து சேர்வதற்குள் தம்பி ஓர் இன்ஜினைச் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

கேட்டது அண்ணி. கூடத்தில் சோபாவை ஓரங்கட்டிக்கொண்டிருந்த உறவுக்கூட்டத்தின் காதில் விழாமல், சமையலறைக் கதவுக்குப் பின்னால் அவனை நிறுத்தி வைத்து, ஈரமில்லாத கண்களோடு கேட்டாள்.

"தம்பி, அவரு தவறிப் போனாரா, தானாப் போனாரா? இன்ஜினைத் தொட்டுப் பாத்தா உங்களுக்குத் தெரிஞ்சிடும். பாத்துச் சொல்லுங்க."



வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் நின்றது, உட்கார்ந்து ஓட்டுகிற சின்னப் புல்வெட்டி டிராக்டர். பள்ளிக்கூட மைதானம், கல்லறைத் தோட்டம், ஆஸ்பத்திரி முன்வாசல் என்று ஊரில் புல் முளைத்த இடமெல்லாம் அண்ணனின் ராஜ்ஜியம். போன வாரம் வண்டி இழுவை குறைந்து, பக்கவாட்டில் புகையைத் துப்ப ஆரம்பித்திருக்கிறது. சிலிண்டருக்கும் அதன்மேல் மூடிபோல உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற கேஸ்கெட் கருகிவிட்டது. அண்ணன் வழக்கம்போல யாரையும் கூப்பிடவில்லை. தானே ஹெட்டைக் கழற்றினார்.

நேற்று நல்ல மழை. கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் அது எப்போது நின்றது என்று அண்ணிக்குத் தெரியாது. சாப்பிடக் கூப்பிடப் போய்க் கதவைத் திறந்தபோது பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் அடங்கியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தபடி அண்ணனும் அடங்கியிருந்தார்.

போலீஸ்காரர்கள் வந்தார்கள். மூடின இடத்தில் இன்ஜின் புகை, விபத்து, அடிக்கடி நடக்கிறதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்குக் கதை முடிந்தது.

அண்ணிக்கு முடியவில்லை. காரணம், முந்தைய நாள் வந்த போன்.

மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். வளர்ந்த பெண்தான், ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அவள் 'வாண்டு'. தனக்குப் பிடித்தவனை அடுத்த மாதம் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். நான் வரமாட்டேன் என்றார் அப்பா. பேச்சு தடித்தது. ஸ்பீக்கரில் கிடந்த போனிலிருந்து கடைசியாக வந்த வாக்கியத்தை அண்ணி ஓர் எழுத்து விடாமல் அப்படியே சொன்னாள். "நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்." அதோடு போன் அணைந்தது. அவர் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாராம்.

"அவ வந்துக்கிட்டே இருக்கா. தானாத்தான் போனாருன்னு ஆச்சுன்னா, அந்த வார்த்தையக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் ஆயுசு பூரா அலைவா" என்றாள் அண்ணி.

தம்பி கொட்டகைக்கு நடந்தான். அண்ணி குடையில்லாமல் பின்னாலேயே வந்தாள்.

உள்ளே பெட்ரோல் நெடி. அதற்கு அடியில் இன்னொரு வாசனை, இனிப்பும் காரமுமாக மூக்கில் ஏறியது. எங்கேயோ முகர்ந்தது, ஆனால் இன்ஜின் கொட்டகையில் முகர்ந்ததில்லை. என்னவென்று பிடிபடவில்லை. விட்டுவிட்டான்.

வேலையைப் பார்த்ததும் அவனுக்கு நம்பிக்கை வந்தது. மேசைமேல் கண்ணாடிப் பலகை, அதன்மேல் உப்புத்தாள். வளைந்துபோன ஹெட்டை அதில் வட்டம் வட்டமாகத் தேய்த்துச் சமன் செய்திருக்கிறார். கார்பனைச் சுரண்டியிருக்கிறார். பழைய கேஸ்கெட்டின் பிசிறு ஒன்றுகூட இல்லை. புதுக் கேஸ்கெட் ஓரம் பிதுங்காமல் உட்கார்ந்திருக்கிறது. சாகப்போகிற மனுஷன் இவ்வளவு சுத்தமாக வேலை பார்ப்பானா? தம்பியும் பக்கத்து ஊரில் பம்ப்செட், புல்வெட்டி எல்லாம் பிரித்து மேய்கிறவன்தான். இந்தச் சுத்தம் அவனுக்கு ஜென்மத்துக்கும் வராது.

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றாள் அண்ணி.

அவன் சொன்னான். ஹெட்டை எட்டு போல்ட் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவற்றை முறுக்க டார்க் ரெஞ்ச் என்று நீளமான ஸ்பானர் ஒன்று உண்டு. எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று அதில் முன்கூட்டியே வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று தட்டும். ஆனால் ஒருதடவை முறுக்கினால் வேலை முடியாது. புதுக் கேஸ்கெட் சூட்டில் கொஞ்சம் அமுங்கும், போல்ட் தளரும். அதனால் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி எட்டையும் முறுக்க வேண்டும். பாதி மெக்கானிக்குகள் இதைச் செய்வதே இல்லை. அண்ணன் செய்யாமல் இருந்ததே இல்லை. "ஆறட்டும்டா, இன்னொரு சுத்து இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொழில் வட்டாரத்தில் 'இன்னொரு சுத்து' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. விருந்து வீடுகளில் அவர் இலைக்கு முன்னால் நின்று, "என்னண்ணே, இன்னொரு சுத்தா?" என்று பரிமாறுகிறவர்கள் வம்பிழுப்பார்கள்.

"இப்ப நான் ரெஞ்ச் போடும்போது போல்ட் கொஞ்சம் திரும்பிட்டு அப்புறம் தட்டுச்சுன்னா, ரெண்டாவது சுத்து இன்னும் பாக்கின்னு அர்த்தம். அதுக்காகத்தான் அண்ணன் இன்ஜினைச் சூடுபண்ணிக்கிட்டு இருந்திருக்காரு. மழைன்னு கதவைச் சாத்தியிருக்காரு. வேலையில போனவரு."

"திரும்பாம தட்டுச்சுன்னா?"

தம்பி ரெஞ்சின் அளவைத் திருகிக்கொண்டே சொன்னான். "அப்படின்னா வேலை முழுசா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம், அண்ணி. கதவைச் சாத்திக்கிட்டு இன்ஜினை ஓடவிட அவருக்கு ஒரு காரணமும் இல்ல."

அண்ணி தலையாட்டினாள். எனக்குத் தெரிகிற மாதிரி செய்யுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அவன் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் ஹெட்வரை பென்சிலால் ஒரு கோடு இழுத்தான். போல்ட் திரும்பினால் கோடு விலகும்.

முதல் போல்ட்டின் தலையில் ரெஞ்சின் சாக்கெட்டை மாட்டினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தான்.

டக்.

போல்ட் மயிரிழைகூட அசையவில்லை. உள்ளங்கையில் விழுந்த அந்தத் தட்டு, நெஞ்சில் யாரோ விரலால் சுண்டியது போலிருந்தது.

அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோசிக்க நேரமில்லை. கை யோசித்தது. தட்டின பிறகும் விடாமல், தோளைக் கொடுத்து இழுத்தான். போல்ட் முனகியது. ஒரு நூல் அளவு திரும்பியது. சாக்கெட்டை எடுத்தான். பென்சில் கோடு விலகியிருந்தது.

"திரும்புது, அண்ணி."

இரண்டாவது. அதே கதை. மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றும் தொட்டவுடன் தட்டியது. ஒவ்வொன்றையும் அளவுக்கு மீறி வதைத்துத் திருப்பினான். போல்ட் இறங்கிப் பிடிக்கிற மரை வெறும் அலுமினியம், இதற்குமேல் தாங்காது என்று அவனுக்குத் தெரியும். இன்ஜினைக் கெடுக்கிறோம் என்றும் தெரியும். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. பெட்ரோல் டேங்குக்கு அடியில் மூலையில் இருந்த எட்டாவது போல்ட்டை இழுக்கும்போது திடீரென்று பாரம் போய்விட்டது. உள்ளே மரை போய், பிடிமானமில்லாமல் லொடலொடவென்று சுற்றியது.

முகத்தில் காட்டிக்கொள்ளாமல் ரெஞ்சைக் கீழே வைத்தான்.

"எட்டும் திரும்புச்சு. அண்ணன் வேலையிலதான் போயிருக்காரு. நிம்மதியா இருங்க."

அண்ணி முந்தானையின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஓர் உருண்டைப் பஞ்சு. பஞ்சு முழுக்கச் சிவப்பு. அந்த இனிப்புக் காரநெடி குப்பென்று வந்தது. தம்பிக்கு இப்போது பிடிபட்டது. நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம்.

இரண்டாவது சுத்து முடிந்ததும், முடிந்தது என்பதற்கு அடையாளமாக அண்ணன் ஒவ்வொரு போல்ட் ஓரத்திலும் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைப்பாராம். வாண்டு வீட்டில் விட்டுப்போன சிவப்புப் பாட்டில். சில வருஷப் பழக்கம், தம்பிக்குத் தெரிய வாய்ப்பில்லை. நேற்று கதவைத் திறந்த அண்ணி முதலில் அவரைப் பார்த்தாள். அடுத்ததாகப் பார்த்தது எட்டு சிவப்புப் பொட்டுகளை. போலீஸுக்குச் சொல்வதற்கு முன்பே அழித்துவிட்டாள். ஒட்டிக்கிடந்த மிச்சத்தைச் சற்று முன்புதான் இன்னொரு தடவை துடைத்திருக்கிறாள்.

"அப்ப... தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைக் கேட்டீங்களா?"

"அவ எங்கிட்ட மட்டுமா கேப்பா? உங்ககிட்டயும் கேப்பா. தொழில் தெரிஞ்சவரு நீங்க. உண்மையச் சொல்ற ஆளா, சொல்லாம விடுற ஆளான்னு எனக்குத் தெரிய வேண்டியிருந்துச்சு." பஞ்சை மறுபடி முடிந்துகொண்டாள். "கண்ணு இமைக்காம பொய் சொன்னீங்க, தம்பி. அவகிட்டயும் அப்படியே சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது."

வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அப்பாவோடு கொட்டகையிலேயே வளர்ந்தவள், யாரையும் எதுவும் கேட்காமல் நேராக இங்கேதான் வருவாள், வந்ததும் சிவப்பைத் தேடுவாள், அது இல்லையென்றால் ரெஞ்சை எடுப்பாள் என்று சொல்லிவிட்டு அண்ணி வேகமாக வீட்டுக்குள் போனாள்.

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. தான் வெறிகொண்டு இறுக்கிவைத்த போல்ட்டுகள் வாண்டு தொட்டால் அசையவே அசையாது. பாய்ந்து ரெஞ்சை எடுத்து ஒவ்வொன்றையும் கொஞ்சம் தளர்த்தினான். பென்சில் கோடுகளை எச்சில் தொட்டு அழித்தான். எட்டாவதை என்ன செய்ய? விரலால் திருகி உட்காரவைத்துவிட்டு, நாலைந்து பார்த்தால் அவளுக்குப் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

வாண்டு வந்தாள். தலையிலிருந்து மழை சொட்டியது. ஸ்டூலைப் பார்த்தாள், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். இன்ஜினுக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"சித்தப்பா, பொட்டு வெச்சிருந்தாரா?"

"இல்லம்மா. ரெண்டாவது சுத்து பாக்கி. சூடுபண்ணிக்கிட்டு இருந்தப்பதான்... நீயே பாரு."

ரெஞ்சை நீட்டினான். அவள் வாங்கி மாட்டினாள். முதல் போல்ட் மெல்லத் திரும்பி, பிறகு தட்டியது. அவளிடமிருந்து அழுகையா மூச்சா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. இரண்டாவதும் திரும்பியது. மூன்றாவதும். ஒவ்வொன்றாக அவள் முகத்திலிருந்து எதுவோ இறங்கிக்கொண்டிருந்தது. போதும்மா, வா என்று அவன் தோளைத் தொட்டான். அவள் நிறுத்தவில்லை. அவர் பெற்ற பெண் எதை அரைகுறையாக விட்டிருக்கிறாள்?

எட்டாவது போல்ட்.

திரும்பியது. தட்டவில்லை. இன்னும் திரும்பியது. வாண்டு தட்டுக்காகக் காத்துக்கொண்டே இழுத்தாள். அது சுற்றிக்கொண்டே இருந்தது.

ரெஞ்சை வைத்துவிட்டு விரலால் போல்ட்டை உருவினாள். மரையில் பளபளவென்று புது அலுமினியச் சுருள் ஒட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தாள். போல்ட் தலையின் அடிப்பக்கம், பஞ்சு எட்டாத இடத்தில், நூல்போல ஒரு சிவப்புக் கோடு.



"அப்பா ஒரு மரையக்கூடப் போக்கினதில்ல" என்றாள், அவனைப் பார்க்காமல். "இது உங்க கை."

தம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அம்மா இந்தப் பொட்டைப் பாத்தாங்களா?"

"இல்ல" என்றான்.

வாண்டு போல்ட்டை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டாள். "அம்மாவுக்குத் தெரியவே கூடாது, சித்தப்பா. அவங்க தாங்க மாட்டாங்க. நான் நம்பிட்டேன்னு சொல்லிடுங்க."

வெளியே ஆம்புலன்ஸ் பின்பக்கமாக வந்து நிற்க, தூக்க நாலு பேர் வாங்கப்பா என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அண்ணி சமையலறைப் படியில் நின்றிருந்தாள். அவள் கண் தம்பியிடம் கேட்டது.

"நம்பிட்டா, அண்ணி."

நேற்றிலிருந்து காய்ந்துகிடந்த அந்தக் கண்கள் அப்போதுதான் நிறைந்தன. மழையில் இறங்கி ஓடி மகளைக் கட்டிக்கொண்டாள். வேலையில இருந்தப்பத்தாம்மா போனாரு, வேலையில இருந்தப்பத்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"தெரியும்மா. நானே பாத்தேன்" என்றாள் வாண்டு.

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு கை விரிந்து தடவிக்கொடுத்தது. இன்னொரு கை மூடியபடியே இருந்தது.