சமையல்கட்டில் நின்ற தேங்காய்

சென்னியப்பனின் விசிட்டிங் கார்டில் பெயருக்கு மேலே 'நிலத்தடி நீர்ச் சக்கரவர்த்தி' என்று தங்க நிறத்தில் இருக்கும். பட்டம் கொடுத்தது யார் என்று தேடினால் கார்டு அச்சடித்த கடை வரைக்கும்தான் போக முடியும். திருச்செங்கோட்டுப் பக்கம் போர்க்கிணறு போடுகிற பெரும்பாலோர் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி வருவார். கீழே நீரோட்டம் இருந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்குமாம்.

பெருமாயியின் இரண்டு ஏக்கர் மரவள்ளிக் காட்டில் அது காலை பத்து மணியிலிருந்து எழவில்லை. பழைய போர் வற்றி நாலு மாதம் ஆகிறது. மரவள்ளி இலை சுருண்டு கிடந்தது. பன்னிரண்டரை மணிக்கு நாட்டுக்கோழிக் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. சக்கரவர்த்தி வாசனை வந்த திசையில் நடந்தார். சமையல்கட்டுக்குள் நுழைந்து அடுப்புக்கு எதிரே நின்றார். தேங்காயும் நின்றது.

"இங்கதான் அம்மணி. முந்நூறு அடியில தண்ணி ஓடுது" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்தார். மூன்று முறை குழம்பு வாங்கினார். சாப்பிட்டு எழுந்து, கழுவாத விரலால் சுவரில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அந்த மஞ்சள் எண்ணெய்க் கறை சுண்ணாம்பில் ஊறிப் பரவியது.

அது கோகிலவாணியின் சமையல்கட்டு. பெருமாயியின் மருமகள், பூபதியின் மனைவி. ஐந்து வருடம் தகரத்துக்கு அடியில் புகையில் வெந்து, போன தை மாதம்தான் வீட்டை ஒட்டி இந்த ஓட்டுக்கட்டடம் எழும்பியது. ஜன்னலோரம் ஒரு கடப்பைக் கல். அதன் மேல் ஒரு பாதியில் காய் நறுக்குவாள், மறுபாதியில் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பாள். போன தடவை மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. மூன்றும் நிகழ்தகவில் போனவை.

வெள்ளிக்கிழமை துளை போடுகிற ரிக் வண்டி வருவதாக ஏற்பாடு. அதற்குள் சமையல்கட்டை இடித்தாக வேண்டும். மாமியார் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. "அடுப்ப எங்க வெச்சாலும் எரியும் சாமி. தண்ணி அங்கதான இருக்குது" என்றாள். பூபதி அதற்குள் கடப்பாரை இரவல் வாங்கி வந்திருந்தான்.

கோகிலவாணியின் புத்தகத்தில், அந்த நிகழ்தகவுப் பகுதியில், இருவழி அட்டவணை என்று ஒரு பாடம் உண்டு. கண்ணாடி போட்டவர், போடாதவர்; இடக்கைக்காரர், வலக்கைக்காரர். நாலு கட்டம். அவள் எப்போதும் பெரிய எண்ணைப் பிடித்துக் கையில் கிடைத்த எண்ணால் வகுத்துவிடுவாள். இடக்கைக்காரர் யாரும் அவள் அடுப்பை இடிக்க வராததால், அந்தப் பாடம் அவளுக்குத் தேவைப்பட்டதும் இல்லை.

இப்போது தேவைப்பட்டது. ரிக் வண்டி மேனேஜர் ரமேஷ்குமார் அவள் தோழியின் தம்பி. போட்ட ஒவ்வொரு போருக்கும் எந்த ஊர், எத்தனை அடி, தண்ணீர் வந்ததா, இடம் காட்டியது யார் என்று நீள நோட்டில் எழுதி வைப்பவன். இரண்டு வருடப் பக்கங்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அவள் கோடு கிழித்து எண்ணினாள். மேல் வரிசை, தேங்காய் காட்டிய போர்: தண்ணீர் வந்தது 135, வராதது 45. கீழ் வரிசை, தேங்காய் இல்லாமல் போட்டது: வந்தது 30, வராதது 10.

முதலில் வழக்கம்போல் பெரிய எண்ணைத்தான் பிடித்தாள். 135 எங்கே, 30 எங்கே. அந்த மனிதனுக்கு உண்மையிலேயே ஏதோ தெரியும்போல இருக்கிறதே.

பிறகு புத்தகத்தைப் புரட்டினாள். ஒவ்வொரு வரிசையையும் அந்த வரிசையின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. தேங்காய் காட்டியது மொத்தம் 180, அதில் 135. நாலுக்கு மூன்று. காட்டாதது 40, அதில் 30. அதுவும் நாலுக்கு மூன்று. தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடியும் வகுத்தாள். தேங்காய் இருந்தாலும் நாலுக்கு மூன்று, சட்னி அரைத்துவிட்டாலும் நாலுக்கு மூன்று. மூன்று மதிப்பெண் எங்கே போயிற்று என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த நாற்பதுக்கு யார் இடம் காட்டினார்கள் என்று ரமேஷ்குமாரிடம் போனில் கேட்டாள். யாரும் காட்டவில்லை, வண்டி சுலபமாகத் திரும்புகிற இடத்தில் போட்டது என்றான். இவர்கள் வீட்டிலும் கேட்டுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில், வண்டி தாராளமாகத் திரும்பும்.

வியாழன் மாலை பங்காளிகள் கூடினார்கள். சென்னியப்பனும் வந்தார். வாய் நிறைய வெற்றிலை, விரல் நிறைய மோதிரம். கோகிலவாணி தாளை நீட்டி, வரிசை வரிசையாகப் படித்துக் காட்டினாள். அவர் எச்சிலை வாசற்படி ஓரமாகத் துப்பிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். அவருடைய சொந்தப் பாக்கெட் நோட்டில் 135 மட்டும்தான் இருந்தது. அந்த நாற்பத்தைந்தைப் பற்றிக் கேட்டதற்கு, ஒன்றில் ரிக்காரன் ஒரு முழம் தள்ளிக் குத்திவிட்டான், ஒன்றில் வீட்டுக்காரன் தீட்டோடு வந்து நின்றான் என்று ஆரம்பித்து நாற்பத்தைந்துக்கும் காரணம் வைத்திருந்தார். எதிலும் தேங்காயின் மேல் தப்பில்லை.

பிறகு தாளை வாங்கிக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"அம்மணி படிச்ச புள்ள. அதுவே எழுதியிருக்குது பாருங்க. தண்ணி வந்தது மொத்தம் நூத்தி அறுபத்தஞ்சு. அதுல நூத்தி முப்பத்தஞ்சு யாருது?"

"உங்களுதுங்க" என்றார் ஒரு பங்காளி.

"நீங்க காட்டுனதே நூத்தியெம்பது எடமுங்க. மத்தது நாப்பதுதான். நெறையா காட்டுனா நெறையா வரத்தான் செய்யும்" என்றாள் கோகிலவாணி.

"அதத்தான அம்மணி நானும் சொல்றேன். நெறையா வந்திருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். பூபதியும் சிரித்தான்.  பெருமாயி மட்டும் சிரிக்காமல், "மரத்தடியில போட்டு வராமப் போனா? நாலுல ஒண்ணு நம்மதா இருந்துட்டா?" என்றாள்.

"இங்க போட்டாலும் நாலுல ஒண்ணுதானுங்க அத்தை."

"இங்க தேங்கா நின்னுச்சே" என்றாள் பெருமாயி. பேச்சு அதோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஓட்டைப் பிரித்தார்கள், சுவரைத் தள்ளினார்கள், கடப்பைக் கல் இரண்டாக உடைந்தது. ரிக் இறங்கியது. சாம்பல் நிறக் கல்தூள் பருப்பு டப்பா, துணி, நாக்கு எல்லாவற்றிலும் படிந்தது. முந்நூறு அடியில் ஒன்றுமில்லை. நானூறிலும் இல்லை. அறுநூற்று இருபதில் தண்ணீர் அடித்தது. நாலில் மூன்று தடவை அடிக்கத்தானே செய்யும். அந்த முந்நூறு அடியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சேற்றுக்கு நடுவில் சென்னியப்பனுக்கு மாலை விழுந்தது. அவர் அவளுடைய அட்டவணையைக் கேட்டு வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் தொங்கியது: 'ஆசிரியையே கணக்கிட்டுத் தந்த சான்று.' தண்ணீர் வந்த இடது கட்டங்கள் இரண்டும் இருந்தன. வலது பக்கத்தை வெட்டிவிட்டு அங்கே தன் படத்தைப் போட்டிருந்தார்.

கோகிலவாணி பழையபடி தகரத்தடிக்குப் போனாள். தாளில் 135ஐ அடித்துவிட்டு 136 என்று எழுதினாள். உண்மை அதுதான்.

பக்கத்துக் காட்டு மாதையன், நீரோட்டம் சமையல்கட்டு வழியாகத்தான் போகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். சக்கரவர்த்தியைக் காட்டுக்கே கூட்டிப்போகவில்லை; நேராக அடுப்படிக்கு அழைத்துப் போனார். அங்கும் கோழி கொதித்தது. அங்கும் தேங்காய் நின்றது. தொள்ளாயிரம் அடி வரை புழுதிதான் வந்தது. அடுப்பு தெற்குப் பார்த்து இருந்ததால் நீரோட்டம் விலகிவிட்டதாம்.

ரமேஷ்குமார் அங்கிருந்தே போன் செய்து சொன்னான். அவள் தகரத்தடியில், கல்தூள் இன்னும் போகாத தாளை எடுத்து, 45ஐ அடித்து 46 என்று எழுதினாள்.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த பெருமாயி எட்டிப் பார்த்தாள்.

"அது அவிங்க ஊட்டுத் தோஷம் சாமி. அத எதுக்கு இதுல எழுதற?"