ஆறு வீட்டுச் சம்மதம்

கிழக்கு வெளுக்குமுன் காஜா பேராங்கில், வெளுப்பவர்கள் குடியிருக்கும் டோபிக் கம்பத்தில் துவைகல் அதிரத் தொடங்கிவிடும். அண்டாவில் கொதிக்கும் சலவைச் சோடாவின் நெடி மூக்கைத் துளைக்கும். ருக்மணி முழங்கால் தண்ணீரில் நின்று ஓட்டல் விரிப்புகளை ஓங்கி அறைவாள். மாதாகோவில் நிலத்தில் ஆறு வீடுகள். எங்கள் பூசை உடுப்பும் அவர்கள் கையில்தான் வெளுத்தது.

அன்று கல் சும்மா கிடந்தது. கோவிலுக்குத் துணி வரவில்லை. ஏனென்று கேட்க ஆயர் தேவதாஸ் நடந்தே வந்தார். உபதேசியாரான நான் பின்னால்.

ஆயரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், பேதியில் செத்தவர்களைத் தன் தோளில் சுமந்து புதைத்த இளம் குரு. தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளிகளோடு உட்கார்ந்து மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா வருடம் ஆயரானதும், பணக்காரர்கள் பேர் எழுதிய முன்வரிசை நாற்காலிகளைக் கோவிலைவிட்டே அப்புறப்படுத்தினார். ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளி கட்டத்தான் இந்த நிலத்தைக் கேட்டார்.

கேட்காமல் எடுக்கவில்லை. போன மாதம் ஆறு வீட்டாரையும் அழைத்துக் கேட்டார். பாதிப் பேர் இந்துக்கள். ஆனாலும் எல்லாரும் வழக்கப்படி மண்டியிட்டு, அவர் விரல் மோதிரத்தில் உதடு பதித்து முத்தி செய்து, பேசாமல் போனார்கள். ‘ஒருமனதாகச் சம்மதித்தனர்’ என்று கட்டடக் குழுவுக்கு எழுதியவன் நான். அந்த மௌனம் சம்மதமில்லை என்று தெரிந்தே எழுதினேன். புதுப் பள்ளியில் எனக்கொரு வாத்தியார் வேலை காத்திருந்தது.

“ஏன்மா துணி வரலே?” என்றார் ஆயர்.

“வீட்ட இடிக்கிறவங்களுக்கு நாங்க ஏன் சாமி வெளுக்கணும்?” என்றாள் ருக்மணி.

“நான் கேட்டேனே. யாரும் மாட்டோம்னு சொல்லலியே?”

“கைய நீட்டிக்கிட்டுக் கேட்டீங்க. முத்தி செய்யற வாயால எப்படி மாட்டோம்னு சொல்றது?”

ஆயர் முகம் கறுத்தது. மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். “இப்பக் கேக்கறேன்.”

“மாட்டோம்,” என்றாள் ருக்மணி. அவள் புருஷன் தம்பிராஜாவும் அதையே சொன்னான். ஆறு வீடும் சொன்னது.

“தப்பு என்னுது,” என்றார் ஆயர்.

“இல்ல ஆண்டவரே,” என்றேன் ஆயரிடம். “இவங்க சம்மதிக்கலேன்னு தெரிஞ்சுதான் குழுவுக்குச் சம்மதம்னு எழுதினேன். வேலைக்கு ஆசப்பட்டு.”

ஆயர் என் பக்கம் திரும்பினார். “கையெழுத்துப் போட்டது நான். குழுவுல எனக்கு ஒரு ஓட்டுதான். ஜெயிக்கும்னு சொல்ல முடியாது.”

மறுப்பு மனு எழுதினேன். ருக்மணி பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். வெறும் கறுப்புத் திட்டு விழுந்தது. சோடா ரேகையைத் தின்றிருந்தது. தம்பிராஜாவுக்கும் அப்படியே, மற்றவர்களுக்கும் அப்படியே. இதைக் குழு கைநாட்டென்று ஏற்குமா?

ருக்மணி விரலை இடுப்பில் கட்டியிருந்த சாரோங்கில் துடைத்தாள். “காகிதத்துல விழலேன்னா ஆளாவே போய் நிப்போம் லா. குழு எங்க கூடுது?”

“கோவில் மண்டபத்துல. இன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு,” என்றார் ஆயர்.

எல்லாரும் கிளம்பினார்கள். பழக்கதோஷத்தில் ஆயர் முன்னால் போனார்.

“சாமி, நீங்க முன்னால போனா எங்க வாய் மறுபடி மூடிக்கும். கூட நடங்க,” என்றாள் ருக்மணி.

அவர் நின்று, தம்பிராஜாவுக்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டார். நான் ஒதுங்கி நின்றேன்.

“உபதேசியாரே,” ருக்மணி திரும்பினாள். “அந்தக் கடுதாசி நகல் இருக்கா?”

“இருக்கு.”

“எடுத்துக்கிட்டு வாங்க. அங்க நீங்களே படிங்க. பொய்யின்னும் நீங்களே சொல்லுங்க.”

சரியென்று தலையாட்டினேன். தம்பிராஜா நகர்ந்து வரிசையில் எனக்கு இடம் விட்டான். நானும் நடந்தேன்.