பத்தொன்பதாம் பகுதியின் கடைசி ஒன்பது நிமிடம்

‘நாற்பதாம் கலம்’ தொடரின் பத்தொன்பதாம் பகுதியில் கடைசி ஒன்பது நிமிடத்தின் மேல் தாமோதரன் எண்ணெய்க் கத்தரிக்காய்ச் செய்முறையைப் பதிவு செய்துவிட்ட மூன்றாம் நாள் விடியலில், அந்தத் தொடரில் வரும் விண்கலத்தின் பொறியாளர் வேணி சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் கறுப்பு வெள்ளையில் வந்து நின்றாள். 1988, ஆவணி மாதம். அன்று நெத்திலி வரத்து அதிகம், விலை இறங்கியிருந்தது. கையில் சமிக்ஞை விளக்கு, காலில் முழங்கால்வரை பூட்ஸ். வலையை உதறிக்கொண்டிருந்தவர்களிடம் அவள், “நான் நாற்பதாம் கலத்தின் பொறியாளர். இது எந்தக் கோள் என்று தெரிவிக்க இயலுமா?” என்று கேட்டாள். ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். நன்றி சொல்லிவிட்டு விளக்கை ஒரு கவிழ்த்த கட்டுமரத்தின்மேல் வைத்தாள்.

நடந்தது இவ்வளவுதான். விண்வெளிக் கலம் ஒன்று கோள் கோளாகப் போய்வரும் அந்தப் பழைய தொடரை ஞாயிறு மதியங்களில் கடைசித் தடவையாக மறுஒளிபரப்புச் செய்தார்கள். கல்பாக்கம் குடியிருப்பில் அதற்கென ஒரு நேயர் வட்டம் இருந்தது. பத்தொன்பதாம் பகுதி வந்த ஞாயிறன்று வட்டம் மொத்தமும் அச்சரப்பாக்கத்தில் பூபாலனின் கல்யாணத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கூட்டாக வாங்கிய வி.சி.ஆர். தாமோதரன் வீட்டில் தானாகப் பதிவு செய்துகொண்டது. திரும்பி வந்ததும் தாமோதரன் முறைப்படி கேசட்டின் முதுகிலிருந்த பிளாஸ்டிக் துண்டை உடைத்தார். அதை உடைத்துவிட்டால் பிறகு யாராலும் அதன்மேல் பதிய முடியாது. மறுநாள், மறுபடி பதிவதற்காக, அந்த ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டியவரும் அவரே. அவர் மனைவி வசந்தா சமையல் நிகழ்ச்சியைப் பதியச் சொன்னாள், வேறு கேசட் இல்லை, கதை முடிந்தபின் மிஞ்சிய வெற்று நாடாவில்தான் பதிகிறோம் என்று அவர் கணக்குப் போட்டார். ஆராய்ச்சி நிலையத்தில் அளவுக் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவருடைய வேலை. கணக்கு ஒன்பது நிமிடம் தவறியது.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். உப்புக்கோள் என்னும் கோளில், வழிதவறும் கலங்களுக்கு வெளிச்சம் காட்ட வேணி தனியாக இறங்குகிறாள். மேலே கேப்டனின் கை நெம்புகோலில் இருக்கிறது. திரும்பிப் போய் அவளை ஏற்றிக்கொள்வதா, நேரே போய்விடுவதா? அவன் வாயைத் திறந்தான். “கத்தரிக்காயை நாலாக் கீறிக்கணும், காம்பு போகக் கூடாது” என்றது தொலைக்காட்சி. புது மாப்பிள்ளை பூபாலன் கழுத்து மாலையின் சிவப்புக் கறை போகாத சட்டையோடு எழுந்து நின்று, “மச்சான், இன்னா இது?” என்று மட்டும் கேட்டான். தாமோதரன் வீட்டில் அதற்குப் பிறகு எண்ணெய்க் கத்தரிக்காய் செய்யப்படவில்லை.

வேணி வந்த சேதி கேட்டு அந்த ஞாயிறே வட்டம் கடற்கரைக்குப் போனது. தாமோதரன்தான் முன்னால் போய், மரியாதைக்காக, வட்டத்தின் விதிகளை அவளுக்குப் படித்துக் காட்டினார். விதிகளை எழுதியவர் அவர். மூன்றாம் விதி: முழுக்கப் பார்க்காதவர் காதில் முடிவைப் போடக் கூடாது. ஷிப்டு வேலைக்காரர்கள் நிறைந்த குடியிருப்பு அது. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் நாலு நாள் கழித்துத்தான் பார்ப்பார் என்பதால், இந்த விதி இல்லாவிட்டால் வட்டம் அடிதடியில் முடிந்திருக்கும். வேணி முழுவதையும் கவனமாகக் கேட்டாள். “விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன்” என்று சொல்லிக் கீழே சாம்பல் நிற மையில் கையெழுத்தும் போட்டாள்.

அதிலிருந்து முப்பத்தேழு வருடம் ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு வட்டம் அவளைச் சுற்றி உட்கார்ந்து, கேப்டன் திரும்பி வந்தானா இல்லையா என்று விவாதித்தது. வருவான் கட்சிக்குக் கணக்கு டீச்சர் அமிர்தவல்லி தலைமை. கலத்தில் எரிபொருள் எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று ஈரமணலில் குச்சியால் எழுதி நிரூபிப்பார். அலை வந்து அழித்துவிடும். அடுத்த வாரம் முதலிலிருந்து எழுதுவார். வரமாட்டான் கட்சிக்குப் பூபாலன். மறைமலைநகர்த் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ் ஓட்டுபவன். “டீச்சர், நா டெய்லி ஓட்றவன் சொல்றேன். ஸ்டாப்ல ஆள் இல்லன்னா வண்டி போய்க்கினே இருக்கும். ஒருத்திக்காவ ரிவர்ஸ் எடுத்தா மீதி அம்பது பேர் நம்மள சும்மா வுடுவானா?” என்பான். வேணி விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். தாமோதரன் எந்தக் கட்சியிலும் இல்லை. எல்லோருக்கும் சுண்டல் வாங்கி வருவது அவர் பொறுப்பு. குற்றம் செய்தவனுக்கு வேறென்ன வேலை கொடுப்பார்கள்?

கரைக்கும் அவள் பழகிப்போனாள். பக்கத்தில் யாராவது மொபெட்டைக் கிளப்பினால் அவள்மேல் குறுக்குக் கோடுகள் ஓடும். வண்டியை நாலடி தள்ளிவிட்டுப் போய்க் கிளப்புவது ஊர் வழக்கமாயிற்று. மின்னழுத்தம் குறைந்தால் கொஞ்சம் சுருங்குவாள். வயது ஏறவில்லை. கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தது, அவளுடைய பூட்ஸ் போய்க் கறுப்பு வெள்ளையிலேயே ரப்பர் செருப்பு வந்தது. தொடரிலிருந்து கொண்டுவந்த தமிழ் முதல் ஐந்து வருடத்திலேயே உதிர்ந்து, கரையின் பேச்சு ஒட்டிக்கொண்டது. அந்தி சாயும்போது விளக்கை ஏற்றுவாள். சாம்பல் வெளிச்சம்தான், ஆனால் வேறெந்த விளக்கோடும் குழம்பாது என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பர் நாளின் இரவிலும் அது எரிந்தது. அதைப் பற்றிக் கரையில் யாரும் அதற்குமேல் பேசுவதில்லை.

தாமோதரனுக்கு மட்டும் அவள் பழகவில்லை. ஒரு பெண்ணை அவள் ஊருக்குப் போகவிடாமல் நடுக்கடற்கரையில் நிறுத்திவிட்டோம் என்பது அவருடைய தீர்மானம். அந்த ஒன்பது நிமிடம் எங்கேயாவது கிடைத்து, கேசட்டில் அதன் இடத்தில் சேர்த்துவிட்டால், அவள் அந்த வழியாகப் போய்விடலாம். ஆகவே தேடினார். ஒளிபரப்பியவர்களிடம் நாடா மிச்சமில்லை. தொடர் எடுத்த அரங்கு கல்யாண மண்டபமாகியிருந்தது. கதை எழுதியவர் இறந்து பதினோரு வருடம். வேணியாக நடித்த அம்மாள் துபாயில் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசியில், “பத்தொன்பதா? நான் பதினெட்டோட நின்னுட்டேனே தம்பி” என்றார். தாமோதரன் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அச்சரப்பாக்கத்தில் ஒருவர் எல்லாப் பகுதிகளையும் பதிந்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு மூன்று முறை பஸ் ஏறினார். மூன்றாம் முறை ஆள் இருந்தார். கேசட்டுகளைப் பிரித்து நாடா முழுவதையும் வேர்க்கடலைக் கொல்லைக்கு மேல் பறவை விரட்டக் கட்டியிருந்தார். தாமோதரன் வரப்பில் நின்று, காற்றில் விர்ரென்று அடித்துக்கொண்டிருந்த கறுப்பு நாடாக்களில் எது பத்தொன்பது என்று வெயில் தாழும்வரை பார்த்தார். கொல்லையில் ஒரு காக்கை கிடையாது.

2025 மே மாதம் அவருக்கு ஓய்வு. குடியிருப்பைக் காலி செய்து மகள் கீர்த்தனாவோடு மறைமலைநகரில் இருப்பதாக ஏற்பாடு. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த வசந்தாவிடம், “அவளை அனுப்பி வெச்சிட்டுதான் நான் இந்த வீட்டுச் சாவியைக் குடுப்பேன்” என்றார். வசந்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. “நான் அன்னிக்கு ரசம் செய்யறதைப் பதியச் சொன்னேன். அது வேற கிழமை. உங்களுக்கு அதுகூடத் தெரியாது” என்றாள். இத்தனை வருடத்தில் அவள் இதைச் சொல்வது அதுவே முதல் முறை. தாமோதரன் சட்டை மாற்றிக்கொண்டார். அது கடைசி ஞாயிறு.

கரைக்கு அவர் சீக்கிரமே போய்விட்டார். வேணி நாலு படகு தள்ளி விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். மீன் விற்கும் சம்பூர்ணம் மிச்சமிருந்த இரண்டு கானாங்கெளுத்தியை வெட்டிக்கொண்டே, “இன்னா அண்ணாத்த, மூஞ்சி ஒரு மாதிரி கீது? சுண்டல் தீஞ்சிடுச்சா?” என்றாள். அவர் சொன்னார். கொல்லை, துபாய், சாவி எல்லாவற்றையும் சொன்னார். முடிவு தெரியாமலே போகப்போகிறேன் என்றார்.

சம்பூர்ணம் அருவாமனையிலிருந்து கையை எடுத்தாள். “முடிவு தெரிணும்னா அவளாண்டயே கேக்க வேண்டியதுதான? அவதான அதுல கீறா?”

“கேக்க முடியாது. ரூல் இருக்கு.”

“இன்னா ரூலு?”

“பார்க்காதவங்ககிட்ட முடிவைச் சொல்லக் கூடாது. அவளும் கையெழுத்துப் போட்டிருக்கா.”

“எந்தக் கஸ்மாலம் எழுதுச்சு அத்த?”

“நான்தான்.”

சம்பூர்ணம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மீனைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள், கண் தெளிவாக இருக்கிறதா என்று. “படிச்ச ஆளுங்க முப்பது பேரு, முப்பத்தேழு வர்சம், அந்தப் பொம்பளைய நடுவுல குந்த வச்சிகினு அவ கதைய அவளாண்ட கேக்காம பேசிகினு இருந்துகிறீங்க. நீ எழுதுனதுதான, நீயே கிழி.”

விதித்தாள் எப்போதும் தாமோதரனின் பையில் இருக்கும். எடுத்தார். கிழியவில்லை. 2003-ல் மழைக்குப் பயந்து லேமினேட் செய்ததும் அவர்தான். பல்லால் கடித்துப் பார்த்தார். சம்பூர்ணம் அருவாமனையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். மூன்றாம் விதி மீன் செதிலோடு இரண்டாகி மணலில் விழுந்தது.

அதற்குள் வட்டம் வந்து சேர்ந்திருந்தது. அமிர்தவல்லி டீச்சர் இன்னும் குச்சியைக்கூட எடுக்கவில்லை. தாமோதரன் எல்லோரையும் தாண்டி நேரே போய் வேணியின் முன் நின்றார். சொல்ல வேண்டியதை வரும்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்தார், அதில் ஒன்றும் நினைவில்லை. “ரூலை வெட்டிட்டேன்” என்றார். “கேப்டன் வந்தானா, வரலையா?”

வேணி மண்ணெண்ணெய்க் கேனைக் கீழே வைத்தாள். அவள் சிரித்ததாகப் பூபாலன் பிற்பாடு சொன்னான். அந்த நேரம் பார்த்து ஒரு மொபெட் கிளம்பியதால் மற்றவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை.

“வந்தாரு அண்ணாத்த. கலத்த திருப்பிகினு வந்து, தானே எறங்கிக் கூப்டாரு. நாந்தான் வர்லன்னு சொல்ட்டேன்.”

அமிர்தவல்லி டீச்சர் மணலில் உட்கார்ந்தார். “வந்தான்ல” என்று மெதுவாகச் சொன்னார். “ஆனா ஆளு ஏறல டீச்சர்” என்றான் பூபாலன். இருவரும் தங்கள் கட்சியே ஜெயித்ததாகக் கருதுவது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

“ஏன் போகலை?” என்றார் தாமோதரன்.

“நா பூட்டா வெளக்க யாரு ஏத்தறது? அங்கயும் அதான் கேட்டேன். ஒன்பது நிமிசம் அதான் பேசிகினு இருந்தோம். கடசில அவரு வெளக்குக்கு எண்ண குட்த்துட்டுப் போனாரு.”

தூரத்தில் படகுகள் புள்ளிகளாகத் தெரிய ஆரம்பித்திருந்தன. தாமோதரன் அதற்குமேல் ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது. உண்மையில் முப்பத்தேழு வருடமாக அவர் கேட்க நினைத்தது அதைத்தான், கேப்டனை அல்ல.

“நான் கேசட்டை அழிச்சதாலதானே நீ இங்க வந்து மாட்டிக்கிட்ட?”

வேணி தீக்குச்சியைக் கிழித்தாள். சாம்பல் நிறத் தீ திரியில் ஏறி நின்றது.

“வந்தது உன்னாலதான். அதுல டவுட்டே இல்ல. ஆனா போறதா இருந்தா எப்பவோ போயிருப்பேன் அண்ணாத்த, எனுக்கு இன்னா வழி தெரியாதா? இந்த எடம் புட்ச்சிகீது, கீறேன். நீ உன் வூட்டு சாவியக் குட்த்துட்டு பொண்ணு வூட்டுக்குப் போ, ஞாய்த்துக்கெழம வா. இப்ப கொஞ்சம் தள்ளு, போட்டுங்க வர்து, வெளிச்சத்த மறைக்கிற.”

தாமோதரன் தள்ளி நின்றார்.