சாவியில் மாட்டிய வில்லை

எல்.எம்.ஈ. என்ற மெக்கானிக்கல் டிப்ளமா படித்தவர்களைக் கேட்டால் தெரியும். கல்லூரி வகுப்புகள் முடிந்தாலும் ஒரு வருஷம் ஏதாவது தொழிற்சாலையில் கை கருக்க வேலை பார்க்க வேண்டும். அங்கிருக்கும் இன்ஜினியர் ‘நல்ல பையன்’ என்று கையெழுத்துப் போட்டால்தான் டிப்ளமா. எனக்கு 1952இல் வாய்த்தது திருவொற்றியூரில் ஒரு எண்ணெய் ஆலை. அப்பா வேதமாணிக்கம் நாசரேத்திலிருந்து வந்து ராயபுரத்தில் கருப்பட்டி மண்டி வைத்தவர். மண்டியில் உட்காரமாட்டேன் என்று அவரோடு மல்லுக்கட்டிப் படிக்கப் போனவன் நான். கையெழுத்து இல்லாமல் வீடு திரும்பினால் அவர் திட்டமாட்டார். தராசுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார். எனக்கு அதுதான் பயம்.

முதலில் என்னைப் போட்டது பாய்லர் கொட்டகையில். மூன்று பாய்லர்கள். இரண்டு எரியும், ஒன்று ஆறிக் கிடக்கும். ஆறினதன் மேல்துவாரம் வழியாக ஒருவன் உள்ளே இறங்கி, சுவரில் படிந்த உப்புப் பொருக்கைச் சுத்தியலால் கொத்தி எடுப்பான். எரிகிற பாய்லர்களின் அடியில் சேரும் சகதித் தண்ணீரைத் தினமும் காலை பத்து மணிக்குத் திறந்துவிட வேண்டும். மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே குழாய். திறப்பதற்கும் ஒரே சாவி, முழங்கை நீள இரும்புச் சாவி. உள்ளே ஆள் இருக்கும்போது திறந்தால் கொதிக்கிற தண்ணீர் அந்தக் குழாய் வழியே ஆறின பாய்லருக்குள்ளும் ஏறிவிடும்.

அதற்காக ஒரு ஏற்பாடு உண்டு. உள்ளே போகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைச் சாவியில் மாட்டிவிட்டுப் போவான். வெளியே வந்ததும் அவன் கையாலேயே எடுக்க வேண்டும். வில்லை தொங்கினால் பெரிய துரையே வந்தாலும் சாவியைத் தொடக்கூடாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. உள்ளே போகிறவன் கோவணத்தோடு இறங்குவான். அவன் சட்டையை வெளியே நிற்கும் கூட்டாளி போட்டுக்கொள்வான். சட்டை வெளியே நடமாடிக்கொண்டிருந்தால் ஆளும் பத்திரமாக வெளியே வருவான் என்பது அவர்கள் நம்பிக்கை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தொழிலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் எனக்கு அப்போது கிடையாது. படித்தவன் இல்லையா!

பொருக்குக் கொத்துபவன் கஸ்பார், 112ஆம் எண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். பூனை நுழைகிற சந்திலும் நுழைவான். அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். வேலை முடிந்து வெளியே வந்ததும் வில்லையைச் சாவியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அவன் திரும்பும்வரை சாவி கிடக்கும், பத்து மணி பத்தரையாகும். நேரத்தைக் குறிப்பது என் வேலையானதால் இன்ஜினியரிடம் பாட்டு வாங்குவது நான். கஸ்பாரிடம் கோபித்தால், “இன்னா காலேஜு, அரை மணி நேரத்துல கப்பலா பூடும்?” என்று சிரிப்பான்.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. கேட்டுக்கு வெளியே டீக்கடையில் கஸ்பாரின் நீலக் கட்டம்போட்ட சட்டை, முதுகுப் பக்கமாகத் தெரிந்தது. கொட்டகைக்குள் வந்தால் சாவியில் 112 தொங்கிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வில்லையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். டீக்கடைக்கே போய் அவன் முகத்தில் விட்டெறிவது என்று புறப்பட்டேன். வழியில் பியூன் வந்து இன்ஜினியர் கூப்பிடுவதாகச் சொன்னான். போய்விட்டேன்.

பத்து மணிக்குச் சத்தம் கேட்டது, இரண்டு முறை. அதற்குமேல் அதைப்பற்றி எழுதமாட்டேன். நான் ஓடி வந்தபோது கொட்டகை வாசலில் கஸ்பாரின் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் கூட்டாளி உசேன் பாய் நின்றிருந்தார். கஸ்பாருக்கு வாங்கிய டீ அவர் கையில் இருந்தது.

சாவியைத் திருப்பியவர் வெள்ளத்துரை, பாய்லருக்கு நெருப்புப் போடுபவர். கஸ்பாரும் அவரும் ராயபுரத்தில் அடுத்தடுத்த வீடு. அன்று சாயங்காலமே விசாரணை வைத்தார்கள். என் ஆங்கிலக் கையெழுத்து அழகு என்று என்னையே எழுத உட்காரவைத்தார் இன்ஜினியர்.

“சாவி மேல வில்லை இல்ல சார். சத்தியமா இல்ல. இருந்தா தொடுவனா? அவன் எனுக்குத் தம்பி மாதிரி” என்றார் வெள்ளத்துரை.

“அவன் மாட்னத என் கண்ணால பாத்தேன். பாத்துட்டுத்தான் டீ வாங்கப் போனேன்” என்றார் உசேன் பாய்.

இரண்டு பேரும் சொன்னது உண்மை. அது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். வில்லை என் பையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் டிப்ளமா போச்சு, ஜெயில்கூட இருக்கலாம். பேனாவைத் திறந்தேன். ‘இறந்தவர் விதிப்படி வில்லையை மாட்டவில்லை’ என்று இன்ஜினியர் சொல்லச் சொல்ல, கோடு பிசகாமல் எழுதினேன். மறுநாளே காசிமேட்டுக்குப் போய் வில்லையைக் கடலில் வீசினேன்.

கம்பெனிக்கு அத்தோடு முடிந்தது. தொழிலாளிகளுக்கு முடியவில்லை. உசேன் பாய் பொய் சொல்லமாட்டார் என்பது ஆலைக்கே தெரியும். அப்படியானால் வில்லை தொங்கும்போதே திறந்து, பிறகு அதை ஒளித்தவன் வெள்ளத்துரைதான். யாரும் அவரை அடிக்கவில்லை. அவர் பீடிக்கு யாரும் நெருப்புக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். தண்ணீர்ப் பானையில் அவர் மொண்ட குவளையை அடுத்தவன் கழுவிவிட்டுக் குடிப்பான்.

பதினைந்து நாளில், கஸ்பார் செத்த இரண்டாம் பாய்லரை மறுபடி கொளுத்தினார்கள். அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். உள்ளே நீராவி கொதித்துக்கொண்டிருக்கும்போது, அடிப்பக்கத்திலிருந்து சுத்தியல் கொத்தும் சத்தம். மூன்று கொத்து, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. கஸ்பார் கொத்துவது அப்படித்தான். இரும்பு சூடேறினால் சத்தம் போடும் என்று எனக்குப் பாடம் உண்டு. பாடத்தை எனக்கே சொல்லிக்கொண்டேன். அது ஏன் சரியாகப் பத்து மணிக்கு நிற்கிறது என்பதற்குப் பாடம் இல்லை.

உசேன் பாய் அந்த நீலச் சட்டையைத் தினமும் போட்டுக்கொண்டு வந்தார். கஸ்பாரின் மனைவி ஆலிஸிடம் கொடுத்துவிடலாமே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“குடுக்கப் போனேன் தம்பி. அந்தப் பொண்ணு வாங்கல. நீயே போட்டுக்கினு நடன்னிச்சு. அவன் இன்னும் வெளிய வர்ல பாரு” என்றார்.

அந்த முதுகை ஆலையின் ஒவ்வொரு மூலையிலும் பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும்.

கார்த்திகையில் என் முறை வந்தது. பயிற்சி அறிக்கைக்காக நான் பாய்லருக்குள் இறங்கிப் பார்த்து எழுத வேண்டும். ஆறிக் கிடந்தது இரண்டாம் பாய்லர். என் வில்லையைச் சாவியில் மாட்டினேன். வெளியே நிற்க வெள்ளத்துரை மட்டும்தான் இருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, கூச்சத்தோடு, “சட்டையக் குடு நைனா, நான் போட்டுக்கறேன். புடிக்கலன்னா வாணாம்” என்றார். கொடுத்தேன்.

உள்ளே லாந்தர் வெளிச்சத்தில் முழங்கால் போட்டு நகர்ந்தேன். பாதி தூரம் போயிருப்பேன். என் இடது தோளுக்குப் பக்கத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை, உள்ளேயே, மூன்று கொத்து. லாந்தரைத் திருப்பினேன், யாருமில்லை. இடைவெளி. மறுபடி மூன்று. பொருக்குத் தூள் என் கையில் உதிர்ந்தது. “அண்ணே!” என்று கத்திக்கொண்டே துவாரத்துக்குத் தவழ்ந்தேன். வெள்ளத்துரை மேலே படுத்துக் கையை விட்டு என்னைத் தூக்கி வெளியே போட்டார்.

“கேட்டுச்சா?” என்றார்.

தலையாட்டினேன்.

“எனுக்குத் தெனம் கேக்குது நைனா. நான் மட்டுந்தான் பைத்தியம்னு நென்ச்சேன்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். என் சட்டைக்குள் அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. கையெழுத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. “இரும்பு ஆறும்போது சத்தம் வரும் அண்ணே” என்றேன். அவர் சட்டையைக் கழற்றி, மடித்து, என்னிடம் கொடுத்தார்.

வருஷம் முடிந்தது. ‘ஒழுங்கும் பொறுப்பும் உள்ளவர்’ என்று எழுதி இன்ஜினியர் கையெழுத்திட்டார். மை காய்ந்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனேன். பத்திரமான பிறகு வருகிற தைரியம் எனக்கு நிறைய உண்டு. வெள்ளத்துரை கரி அள்ளிக்கொண்டிருந்தார். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையில் பார்த்த முதுகு, வில்லையைக் கழற்றியது, விசாரணையில் எழுதியது, எதையும் விடவில்லை.

அவர் கரித்துண்டால் தரையில் கோடு கிழித்துக்கொண்டு கேட்டார்.

“வில்லை எங்க?”

“கடல்ல போட்டுட்டேன்.”

சிரித்தார். அந்த ஒரு வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“நல்ல மனசு நைனா ஒனக்கு. ஊர வுட்டுப் போறப்போ, இந்தக் கெழவன் நிம்மதியா இருக்கட்டும்னு பழிய ஏத்துக்கறே.”

“இல்ல அண்ணே, நிஜமாவே நான்தான்.”

“தொங்கிக்கினு இருந்துச்சுப்பா. மொதல்ல எனுக்கே நெனப்பு வர்ல. இத்தினி பேரு சொல்றானுங்களே, பொய்யா சொல்வானுங்கன்னு ராவெல்லாம் யோச்சேன். அப்புறம் தெளிவா தெரிஞ்சிச்சு. நூத்திப் பன்னண்டு. பாத்துட்டேதான் தொறந்துகீறேன். இப்பக்கூட கண்ணு முன்னால கீது.”

அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“ஈஸ்டர் அன்னிக்கு ஆலிஸ் கால்ல வுய்ந்தேன். நாந்தான் கொன்னேன்னு சொன்னேன். ரொம்ப நேரம் அய்தா. அப்புறம் எயுந்து சோறு போட்டா. ‘மன்னிச்சிட்டேண்ணா, துன்னு’ன்னா. அன்னிலேர்ந்து சத்தம் கேக்குறதில்ல.”

“நான் ஆலிஸ்கிட்ட போய்ச் சொல்றேன்.”

“வாணாம் நைனா.” குரல் மாறிவிட்டது, கெஞ்சுகிற மாதிரி. “ஒருத்தன மன்னிக்கவே அதுக்கு எட்டு மாசம் ஆச்சு. நீ போயி வேற ஆளக் காட்னா, அது மறுபடியும் மொதல்லேர்ந்து அய்வணும். அத்த வுட்டுடு.”

மூன்று கொத்து கேட்டது. அவர் காதில் விழவில்லை. குனிந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் ஆலிஸைப் பார்க்கப் போகவில்லை. அவர் சொன்னதற்காக, அவளை மறுபடி அழவைக்கக்கூடாது என்பதற்காகத்தான் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். ‘வாணாம்’ என்று அவர் சொன்னதும் என் உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. கஸ்பாரைக் கொன்றதைக்கூட அவசரப் புத்தி, அறியாமை என்று ஏதோ சொல்லித் தேற்றிக்கொள்கிறேன். அந்த நிம்மதிக்கு மட்டும் இன்றுவரை ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.