பிடியின் கடைசி வரை இரும்பு

என் அண்ணன் ஹெய்க்கா முந்நூறு யூரோ கொடுத்து ஒரு கத்தி வாங்கிவந்தான். பனிமான் குட்டிகளுக்குக் காதுக்குறி வெட்ட, மான்களை அடைத்த வேலிக்கு வந்திருந்த அத்தனை பேரும் அதைக் கையில் வாங்கிப் பார்க்கும்வரை அவனுக்குக் காப்பி இறங்கவில்லை. ஒரே இரும்பு, அலகின் நுனியில் தொடங்கிப் பிடியின் கடைசி வரை ஓடுகிறதாம். சுத்தியலால் அடித்தாலும் அசையாதாம். என் இடுப்பில் இருந்தது பதினெட்டு யூரோ கத்தி. அதன் இரும்பு பிளாஸ்டிக் பிடிக்குள் பாதி தூரம்கூடப் போகாது. ஆனாலும் ஒன்பது வருஷம் எனக்கு உழைத்திருக்கிறது.

"உன்னோடது வெண்ணெய் தடவத்தான் லாயக்கு, சுன்னா," என்றான்.

கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அந்த வழக்கம் இல்லை. அவன் ஆற்றுப்பக்கம் போன நேரம் பார்த்து, ஒரு பிர்ச் மரக்கட்டையின் தலையில் என் கத்தியை வைத்து, இன்னொரு கட்டையால் ஓங்கி அடித்தேன். இரண்டு அடி தாங்கியது. மூன்றாவது அடியில் அலகு கட்டையிலேயே நின்றுவிட்டது, பிடி மட்டும் என் கையில். வெண்ணெய் தடவக்கூட இனி ஆகாது. இரண்டு துண்டையும் உறைக்குள் செருகிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் மாதிரி வந்து உட்கார்ந்தேன்.

அன்றைக்குத்தான் எனக்குக் கத்தி வேண்டியிருந்தது. எனக்கென்று இருப்பது பதினோரு மான்கள். அதில் ஒன்று அந்த வசந்தத்தில் வெள்ளைக் குட்டி போட்டிருந்தது, அதுவும் பெட்டை. எங்கள் பக்கத்தில் வெள்ளைப் பெட்டை வைத்திருப்பவள் என்றாலே தனி மரியாதை. மூன்று வாரமாகத் தூக்கத்திலும் அதைத்தான் பார்த்தேன். காதில் என் குறியை வெட்டிவிட்டால் என்னுடையது, அவ்வளவுதான் பாக்கி.

என் குறியும் அண்ணன் குறியும் அப்பாவுடையதிலிருந்து வந்தவை. வித்தியாசமெல்லாம் இடது காதின் கீழ் ஓரத்தில்தான். எனக்கு அங்கே ஒரு சின்னக் கீறல் வெட்டு. அவனுக்கு அதே இடத்தில் ஒரு துண்டே போயிருக்கும்.

அண்ணி ரவ்னாவிடம் மட்டும் நடந்ததைக் காதோடு காதாகச் சொல்லி, அவளுடைய மெல்லிய கத்தியைக் கேட்டிருந்தேன். காது வெட்டவென்றே வைத்திருப்பது. தருகிறேன் என்றாள். ஆனால் வெள்ளைக் குட்டி என் சுருக்குக் கயிற்றில் விழுந்தபோது, அவள் வேலியின் மறுகோடியில் வேறொரு குட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். என் முழங்கால்களுக்கு நடுவில் குட்டி துள்ளுகிறது. தாய் சுற்றிச்சுற்றி வந்து கத்துகிறது. பழக்கதோஷத்தில் உறைக்குக் கை போனது, வெறும் பிடி வந்தது. பக்கத்தில் நின்ற அண்ணன் பார்த்துவிட்டான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்காமல் தன் கத்தியை நீட்டினான்.

"இந்தா. தடிச்ச அலகு, பாத்து வெட்டு."

பார்த்து வெட்டும் நிதானம் எனக்கு ஏது? வலது காது சரியாக வந்தது. இடது காதில் வைத்ததும் லேசாக இறங்காமல் அலகு அடம்பிடித்தது. அழுத்தினேன். குட்டி தலையை உதறியது. கீறலாக இருக்க வேண்டியது துண்டாக என் கைக்கு வந்துவிட்டது.

அண்ணன் கத்தியை வாங்கி உறையில் போட்டுவிட்டு, குனிந்து காதைப் பார்த்தான். நான் பார்க்கவில்லை, அது அவன் குறி என்று எனக்கே தெரியும். வெட்டின காதை ஒட்டவைக்க முடியாது. காதில் யார் குறியோ குட்டி அவருடையது, அதுதான் எங்கள் வழக்கம். வேலியைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னோட பழுப்புக் குட்டி ரெண்டுல எது பிடிச்சிருக்கோ எடுத்துக்க," என்றான் அண்ணன். மனசாரத்தான் சொன்னான்.

எடுத்திருக்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அந்த மட்டும் கிடையாது.

"உன் பழுப்பு யாருக்கு வேணும்? அதுக்குப் பதிலா உன் கத்தியக் குடு."

அவனுக்கு வலிக்கட்டும் என்றுதான் கேட்டேன். வலித்தது. ஒரு தடவை உருவிப் பார்த்துவிட்டு, உறையோடு கழற்றிக் கொடுத்தான்.

நான்கு வருஷம் ஆயிற்று. வெள்ளை இரண்டு குட்டி போட்டுவிட்டது, அதில் ஒன்று வெள்ளை. இரண்டும் அண்ணன் குறி. கடைக்குப் போகிறவர்கள், அவ்வளவு விலை கொடுத்து அந்த மாதிரிக் கத்தி வாங்கலாமா என்று என்னைத்தான் வந்து கேட்கிறார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை. வாங்கலாம் என்கிறேன், காது வெட்ட மெல்லியதாக மலிவாக ஒன்றும் சேர்த்து வாங்கச் சொல்கிறேன். உறைந்து கல்லான பிர்ச் விறகைத் தினமும் காலையில் அண்ணன் கத்தியை வைத்துத்தான் பிளக்கிறேன். ஒவ்வொரு அடியும் உடைந்து தொலையட்டும் என்றே அடிக்கிறேன். பாழாய்ப்போனது இம்மிகூட அசையவில்லை.